இடம் தவறிய வெர்ஷன் வரி

ஆபீசில் கழுகு என்று பட்டப்பெயர் வாங்கியிருந்தவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் சீருடை கசங்காமல் இருந்தது, முகம்தான் அழுது வீங்கியிருந்தது.

"என்ன பாப்பா, இந்நேரம் வார்டுல இருக்கணுமே?"

"வார்டுக்கு வர வேண்டாம்னுட்டாங்க அண்ணி. மத்தியானத்துக்கு மேல விசாரணையாம். அதுக்கு மட்டும் வந்தா போதுமாம்."

கடைக்குட்டி என்பதால் வைத்த செல்லப் பெயர் பாப்பா. ஒரு வார்டையே கட்டி மேய்க்கிற நர்ஸ் ஆன பிறகும் அது அவளை விடவில்லை. சண்டை என்று வந்தால் விட்டுக்கொடுக்காதவள். அப்படிப்பட்டவள் வந்ததும் அண்ணன் தோளில் சாய்ந்துவிட்டாள். அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் கொண்டுவரப் போனவன் வெறும் டம்ளரோடு திரும்பி வந்தான்.

நடந்ததை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். வார்டில் ஒரு பெரியவர். ரத்தம் உறையாமல் இருக்க அவருக்கு ஒரு மருந்து போய்க்கொண்டிருந்தது. வயிற்றில் கசிவு இருக்குமோ என்று சந்தேகப்பட்டு டாக்டர் முந்தாநாள் கம்ப்யூட்டரில் அதை நிறுத்தினார். ஆனால் சாயங்கால ஷிப்ட் நர்ஸ் திரையைப் பார்த்தபோது மருந்து நிறுத்தப்படாமல் அப்படியே இருந்தது. கொடுத்துவிட்டாள். விடிவதற்குள் பெரியவர் ரத்த வாந்தி எடுத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டார். டாக்டர் நிறுத்திய மருந்தை மறுபடி ஓடவிட்டது யார் என்று தேடினால், கம்ப்யூட்டர் பாப்பாவின் பெயரைக் காட்டுகிறது.

"சத்தியமா நான் எடையை மட்டும்தான் போட்டேன் அண்ணி. மருந்துப் பக்கமே போகலை. அதுவா ஆயிருக்கு."

அந்த மருத்துவமனையின் மென்பொருள் கழுகின் கம்பெனி எழுதியது. 'நான் ஒண்ணும் பண்ணலை, அதுவா ஆயிருக்கு' என்பதை அவள் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒன்றைப் பண்ணித்தான் இருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"தெரியாம கை பட்டிருக்கலாம் பாப்பா. லாக்ல உன் பேர் இருக்குன்னா..."

பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். கணவன் மனைவியை முறைத்தான். கழுகு பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

ஆபீசில் மேனேஜர் அவளுக்காகவே காத்திருந்தார்.

"ஒரு அவசர வேலை. ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் மேல விசாரணை. அந்தப் பேஷன்ட்டோட பக்கத்துல யார் எப்ப என்ன மாத்தினாங்கங்கிற லாக் வேணுமாம். நீ பார்த்து அனுப்பிடு. உன் கண்ணுக்குத் தப்பாது."

ஆயிரம் வரியில் ஒரு புள்ளி பிசகினாலும் பறந்து வந்து கொத்துவாள் என்பதால்தான் அவளுக்குக் கழுகு என்று பெயர்.

"சார், அந்த நர்ஸ் என் நாத்தனார்."

மேனேஜரின் புருவம் உயர்ந்தது. "அப்ப நீ தொடவே கூடாது. துடைப்பம் பார்த்துக்கட்டும்."

துடைப்பம் பக்கத்து மேஜைக்காரன். எந்தப் புரோகிராமின் கோடைத் திறந்தாலும் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் மூடுவான். நல்ல வேலைக்காரன், நல்ல நண்பனும்கூட. அவன் லாக்கை எடுத்துத் திரையில் விரித்தான். கழுகு தன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள்.

இரண்டு வரிகள். முதல் வரியில் டாக்டர் மருந்தை நிறுத்தியிருந்தார். சில நிமிஷம் கழித்து இரண்டாவது வரியில் பாப்பா பக்கத்தைச் சேமித்திருந்தாள். எடை மாறியிருந்தது, மருந்தும் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது.

"தெளிவா இருக்கு," என்றான் துடைப்பம் மெதுவாக. "சாரிப்பா."

"கடைசிக் கட்டத்தைப் பாரு."

"எது?"

"வெர்ஷன் நம்பர். ரெண்டு வரியிலயும் காலியா இருக்கு."

ஒவ்வொரு நோயாளியின் பக்கத்துக்கும் பின்னால் ஒரு எண் இருக்கும். யாராவது சேமித்தால் அந்த எண் ஒன்று கூடும். இரண்டு பேர் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருந்து முதல் ஆள் சேமித்துவிட்டால், இரண்டாவது ஆள் கையில் இருக்கும் எண் பழசாகிவிடும். 'இந்தப் பக்கத்தை வேறொருவர் மாற்றிவிட்டார், மறுபடி திறந்து பாருங்கள்' என்று சிஸ்டம் அவரைத் தடுத்து நிறுத்தும். அந்த எண் இல்லாவிட்டால் வாசலில் காவலே இல்லை. கடைசியாகச் சேமிப்பவர் கையில் இருக்கும் பழைய பக்கம், முன்னால் சேமித்தவர் எழுதியதை முழுக்க மூடிவிடும்.

பாப்பா பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு எடை பார்க்கப் போயிருப்பாள். பெரியவரை எழுப்பி நிற்கவைக்க நேரம் ஆகியிருக்கும். அந்த இடைவெளியில் டாக்டர் தன் அறையிலிருந்து மருந்தை நிறுத்தியிருப்பார். அவள் திரும்பி வந்து எடையைத் தட்டிச் சேமித்திருப்பாள். திரையில் இருந்ததோ பழைய பக்கம்.

கழுகுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த எச்சரிக்கையைப் பற்றி நர்ஸ்கள் முன்பெல்லாம் புலம்பித் தள்ளுவார்கள். கொஞ்ச காலமாக ஒரு புகாரும் இல்லை. 'பயனாளர்கள் பழகிவிட்டார்கள்' என்று மேனேஜர் மீட்டிங்கில் அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"டெஸ்ட் சர்வரைத் திற," என்றாள், நிஜ நோயாளிகளைத் தொடாமல் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் நகலைக் காட்டி. "நீ ஒரு பேஷன்ட்டைத் திற. அதே ஆளை நானும் திறக்கிறேன்."

அவன் மருந்தை நிறுத்திச் சேமித்தான். அவள் எடையை மாற்றிச் சேமித்தாள். எச்சரிக்கை வரவில்லை. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தார்கள். மருந்து ஓடிக்கொண்டிருந்தது.



"வெர்ஷன் அனோட்டேஷன் இருக்குமே," என்று துடைப்பம் அவசரமாகக் கோடைத் திறந்தான். "இதோ பாரு. இருக்கு."

இருந்தது. டேட்டாபேஸில் எந்தக் கட்டம் எதற்கு என்று, தகவலை எழுதிப் படிக்கிற லைப்ரரி என்னும் ஆயத்த மென்பொருளுக்குச் சொல்ல, கோடில் ஆங்காங்கே வைக்கும் சிறு குறிப்புதான் அனோட்டேஷன். வெர்ஷன் குறிப்பு எழுத்துப் பிழையில்லாமல் பளிச்சென்று இருந்தது. கழுகு அதை மூன்று முறை படித்தாள். பிறகு அந்தக் குறிப்பை விட்டுவிட்டு, அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"இது கெட்டர் மேல இருக்கு."

"ஆமா."

"ஐடி எங்க இருக்கு?"

அவன் மேலே உருட்டினான். நோயாளியின் அடையாள எண்ணைக் குறிக்கும் ஐடி அனோட்டேஷன், தகவலை வைத்திருக்கும் ஃபீல்டின் மேல் இருந்தது. மற்ற எல்லாக் குறிப்புகளும் ஃபீல்டுகளின் மேல்தான் இருந்தன. வெர்ஷன் மட்டும் கீழே, ஃபீல்டில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும் கெட்டர் என்கிற அந்தச் சின்னச் செயல்பாட்டின் தலையில் தனியாக நின்றது.

அந்த லைப்ரரி முதலில் ஐடி எங்கே இருக்கிறது என்று பார்க்கும். ஃபீல்டில் இருந்தால், ஃபீல்டுகளில் இருப்பதை மட்டுமே படிக்கும். கெட்டரின் மேல் எதை எழுதி வைத்தாலும் அது கண்ணில் படாது. பிழை என்று கத்தவும் கத்தாது. கோடு சமத்தாக ஓடும்.

துடைப்பத்தின் முகம் வெளுத்தது. முன்பு எல்லாக் குறிப்புகளும் கெட்டர்களின் மேல்தான் இருந்தன. பார்க்க அலங்கோலமாக இருக்கிறது என்று அவற்றை ஒவ்வொன்றாக ஃபீல்டுகளுக்கு மாற்றியவன் அவன்தான். எல்லாவற்றையும் மாற்றியவன் கடைசி ஒன்றை விட்டுவிட்டான்.

"நான்தான்," என்றான்.

மேனேஜர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சரி. ஒரு வரிதானே? மேல தூக்கி வச்சு ஆஸ்பத்திரி சர்வர்ல ஏத்திடுங்க. லாக்கைக் கேட்டபடி அனுப்பிடுங்க. லாக்ல இருக்கிறது உண்மைதானே? விசாரணை அவங்க விஷயம். நம்ம பக்கத்தை மேலிடத்துல கேட்டுட்டு அப்புறம் சொல்லலாம்."

"சார், இப்ப இந்த நிமிஷம் அங்க வார்டெல்லாம் ஓடிட்டிருக்கு," என்றாள் கழுகு. "யாரோ ஒரு டாக்டர் எதையோ நிறுத்துறாரு. யாரோ ஒரு நர்ஸ் அதை அழிக்கிறா, அவளுக்கே தெரியாம. முதல்ல ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்."

"நீ சொன்னா என்ன நினைப்பாங்க? நாத்தனாரைக் காப்பாத்தக் கதை கட்டுறான்னுதானே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் வாயைத் திறந்தால் அதுவே பாப்பாவுக்கு எதிராகத் திரும்பலாம். காலையில் வீட்டில் ஒரு தடவை வாயைத் திறந்தது போதும்.

"அப்ப நான் சொல்றேன்," என்றான் துடைப்பம்.

மேனேஜர் திரும்பினார். "நீ யோசிச்சுப் பேசு. உன் வேலைக்கே உலை வச்சுக்காதே."

"யோசிச்சா பேச மாட்டேன் சார்." அவன் ஏற்கெனவே போனை எடுத்திருந்தான். அவசரத்தில் எண்ணைத் தப்பாக அழுத்தி, வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினான். மருத்துவமனையின் தலைமை டாக்டர் லைனில் வந்ததும் சுற்றி வளைக்கவில்லை. "டாக்டர், எங்க சாஃப்ட்வேர்ல தப்பு இருக்கு. என் கையால நடந்த தப்பு. ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஒரு பக்கத்தைத் திறந்தா, ஒருத்தர் எழுதினது அழிஞ்சுபோகுது. தயவுசெஞ்சு மருந்து உத்தரவெல்லாம் உடனே பேப்பருக்கு மாத்துங்க."

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று மற்ற இருவருக்கும் கேட்கவில்லை. அவன் 'ஆமா', 'ஆமா டாக்டர்', 'எழுத்துலயே குடுக்கிறேன்' என்று மட்டும் சொன்னான். போனை வைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, "சொன்னது சொன்னாச்சு. வேற எத்தனை பேஷன்ட்டுக்கு இப்படி ஆகியிருக்குன்னு எடு. சீக்கிரம்," என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே நிற்கவில்லை.

கழுகு ஒரு தேடல் எழுதினாள். ஒருவர் மாற்றியதை அடுத்தவர் சேமித்தவுடன் பழைய நிலைக்கே திரும்பிய பக்கங்கள் எல்லாம் வேண்டும். முடிவு வர வர அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். தொலைபேசி எண் பழையதாகியிருந்தது, கட்டில் எண் பழையதாகியிருந்தது. ஆபத்தில்லை, தாண்டினாள். வீட்டுக்குப் போய்விட்ட ஒரு நோயாளி, தாண்டினாள். அடுத்த பெயரில் அவள் கை நின்றது.

பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் ஒரு அம்மா. காலையில் டாக்டர் அவருடைய இன்சுலினைப் பாதியாகக் குறைத்திருந்தார். உடனேயே யாரோ வெப்பநிலையைப் பதிந்து சேமித்ததில் பழைய அளவு திரும்பியிருந்தது. அடுத்த ஊசி மதியச் சாப்பாட்டுக்கு முன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சாப்பாட்டு வேளை வந்துவிட்டது.

பேப்பருக்கு மாற்றியிருப்பார்கள்தான். ஆனால் அந்தப் பேப்பரில் எதைப் பார்த்து எழுதுவார்கள்? இதே திரையைப் பார்த்துத்தானே?

இந்த முறை யார் பேசுவது என்று அவள் யோசிக்கவில்லை. வார்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு குரல் மூச்சிரைக்க "ஹலோ" என்றது.

"சாஃப்ட்வேர் கம்பெனியிலேர்ந்து பேசுறேன். ஜன்னலோரக் கட்டில் அம்மாவுக்கு இன்சுலின் போட்டாச்சா?"

"ஏங்க, இங்க ஆளில்லாம அல்லாடுறோம், நீங்க வேற..."

"போட்டாச்சா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. அளவு தப்பா இருக்கு. டாக்டர் காலையிலயே பாதியாக் குறைச்சிட்டாரு."

"இருங்க."

ரிசீவரை மேஜையில் வைத்த சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் விலகிப் போனது. யாரோ இருமினார்கள், தள்ளுவண்டி ஒன்று உருண்டது, தட்டுகள் உரசின. சாப்பாடு வந்துவிட்டது. கழுகு போனைக் காதில் வைத்து அழுத்தியதில் காது வலித்தது. துடைப்பம் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"ஊசியில ஏத்தி வச்சிருக்காங்க. போடலை." குரல் இறங்கியிருந்தது. "டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுறோம். ஏங்க... வேற யாராவது இருக்காங்களா?"

"பார்த்துக்கிட்டிருக்கோம். ஒருத்தரையும் விட மாட்டோம்."

இன்னும் இரண்டு பெயர்களுக்காக அவள் வார்டுகளுக்குப் போன் செய்தாள். இரண்டுமே நல்லவேளையாக வினையில்லாமல் போனவை. அதன் பிறகுதான் எழுந்து போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் தன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது துடைப்பமும் மேனேஜரும் மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தலைமை டாக்டர் விசாரணைக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார். கழுகு உறவுக்காரி என்பதால் அவளைக் கூப்பிடவில்லை. கோடைச் சரிசெய்யும் வேலை அவள் தலையில் விழுந்தது.

"ஒரு வரியை மேல தூக்கி வை, ஏத்து," என்றார் மேனேஜர் வாசலில் நின்று. "எவ்வளவு நேரம் பேப்பர்ல ஓட்டுவாங்க? அங்கேயிருந்து போன் மேல போன் வருது."

அவள் வரியைக் கெட்டரிலிருந்து வெட்டி ஃபீல்டின் மேல் ஒட்டினாள். டெஸ்ட் சர்வரில் ஏற்றினாள். ஒரு பழைய நோயாளியை இரண்டு திரைகளில் திறந்து சேமித்தாள். இரண்டாவது திரையில் எச்சரிக்கை வந்தது. எண் ஒன்று கூடியிருந்தது. அப்பாடா என்றிருந்தது. ஏற்றிவிடலாம்.

விரல் பொத்தான் வரை போய்விட்டுத் திரும்பியது. பழைய நோயாளிக்குச் சரி, அவருக்கு ஏற்கெனவே ஒரு எண் இருந்தது. அந்த லாக்கில் கட்டம் காலியாக அல்லவா இருந்தது?

துடைப்பம் கோடைப் பெருக்கியதற்குப் பிறகு சேர்ந்த நோயாளி ஒருவரைத் திறந்தாள். எடையை மாற்றிச் சேமித்தாள். பட்டியலைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள்.

எண் காலியாக இருந்தால், 'இது இன்னும் சேமிக்கப்படாத புது ஆள்' என்று லைப்ரரி முடிவு செய்துவிடுகிறது. திருத்தச் சொன்னால் இன்னொன்றைப் புதிதாகப் படைத்துவிடுகிறது. இப்படியே ஏற்றியிருந்தால் மருத்துவமனையில் படுத்திருக்கும் அத்தனை பேரும் சாயங்காலத்துக்குள் இரட்டையாகியிருப்பார்கள். ஒரு பக்கத்தில் மருந்து நிறுத்தப்பட்டிருக்கும், இன்னொன்றில் ஓடிக்கொண்டிருக்கும்.

போன் அடித்தது. மேனேஜர். "ஏத்தியாச்சா?"

"இல்ல சார். ஏத்தினா இதைவிடப் பெரிய வினை. இன்னும் கொஞ்ச நேரம் வேணும்."

"இங்க எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்க்கிறாங்க..."

"பார்க்கட்டும் சார். அவசரத்துல ஒண்ணு பண்ணி இன்னொண்ணு ஆகக் கூடாது." அவரிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை. "சரி, முடிச்சிட்டுச் சொல்லு," என்று வைத்துவிட்டார்.

காலிக் கட்டங்களில் எல்லாம் பூஜ்யத்தை நிரப்ப ஒரு வரி எழுதினாள். அதை முதலில் ஓட்டி, பிறகு புதுக் கோடை ஏற்றி, மறுபடி சோதித்தாள். ஒரே ஆள், ஒரே பக்கம், எச்சரிக்கை. அதோடு விடவில்லை. ஐடி ஃபீல்டில் இருந்தும் கெட்டர் மேல் குறிப்பு தங்கியிருக்கிற இடங்கள் வேறு உண்டா என்று மொத்தக் கோடையும் சலித்தாள். இன்னொன்று சிக்கியது. பரிசோதனை முடிவுகளைத் தேதிப்படி அடுக்கச் சொல்லும் குறிப்பு. அதுவும் யார் கண்ணிலும் படாமல் கெட்டரின் மேல் சும்மா கிடந்தது. இனி இப்படி ஒரு குறிப்பு இடம் தவறினால் கோடு ஏறவே கூடாது என்று ஒரு சோதனையையும் எழுதிச் சேர்த்தாள். பிறகுதான் மருத்துவமனையின் சர்வரை நிறுத்தி, பூஜ்யங்களை நிரப்பி, ஏற்றினாள். வார்டு வார்டாக நர்ஸ்கள் மறுபடி சிஸ்டத்துக்குள் வருவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் இரட்டிக்கவில்லை.

பாப்பாவின் போன் வெயில் சாய்ந்த பிறகு வந்தது.

"முடிஞ்சுது அண்ணி. என் மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. உங்க ஆள் ஒருத்தர் வந்திருந்தாரு, எல்லாத்தையும் அவரே சொன்னாரு. அந்தச் சாயங்கால ஷிப்ட் பொண்ணுக்கும் தப்பில்லைன்னாங்க. அவதான் என்னைவிட அதிகமா அழுதா."

"பெரியவர் எப்படி இருக்காரு?"

"கண்ணு முழிச்சிட்டாரு. ரத்தம் நின்னுடுச்சு. தண்ணி கேட்டு எல்லாரையும் திட்டிட்டிருக்காராம்."

"பாப்பா, காலையில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"லாக்ல இருந்ததைத்தானே சொன்னீங்க." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஊர் உலகம் சந்தேகப்பட்டப்ப எனக்கு ஒண்ணும் தோணலை அண்ணி. உங்க வீட்டு வாசல்ல நின்னப்பதான் ஒருவேளை நானே பண்ணிட்டேனோன்னு தோணிடுச்சு. என் கையையே நான் சந்தேகப்பட்டேன்."

கழுகு பதில் சொல்வதற்குள் பாப்பா, "சரி, வைக்கிறேன். அண்ணன்கிட்ட சொல்லிடுங்க," என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் தலைமை டாக்டர் எல்லா வார்டு நர்ஸ்களையும் கூட்டி, நடந்ததைக் கம்பெனிக்காரர்களே விளக்க வேண்டும் என்றார். துடைப்பமும் கழுகும் போனார்கள். அவன் வேலை போகவில்லை. மேனேஜர் மேலிடத்தில் அவனுக்காக வாதாடினார் என்று பிறகு தெரிந்தது. பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்து, குறிப்பு எங்கே இருந்தது, எங்கே இருந்திருக்க வேண்டும் என்று அவன் காட்டினான். பின்வரிசையிலிருந்து பெண்கள் வார்டு நர்ஸ், அன்று மூச்சிரைக்கப் போன் எடுத்தவள், கையைத் தூக்கினாள்.

"இனிமே திரையில ஒண்ணு இருந்தா நாங்க அதை நம்பலாமா?"

துடைப்பம் கழுகைப் பார்த்தான். கழுகு எழுந்தாள்.

"பெரும்பாலும் நம்பலாம். ஆனா உங்களுக்கு ஏதாவது சந்தேகமா பட்டா, 'நான் ஒண்ணும் பண்ணலை, அதுவா ஆச்சு'ன்னு எங்களுக்குப் போன் பண்ணுங்க. நாங்க முதல்ல எங்க கோடைத் திறந்து பார்ப்போம், அப்புறம்தான் உங்களைக் கேள்வி கேட்போம்."

அறையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பாப்பா சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஷிப்ட் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. இருங்க, சேர்ந்தே போகலாம்," என்றாள். கழுகு நடைபாதையில் இருந்த பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.